இந்தியானாவிலிருந்து வந்த போத்தல்

சுவிஸில் ஃப்ரிபூர்க்கிலும் அதைச் சுற்றியும் இருக்கிற எந்தத் தமிழ் வீட்டிலும் நிலவறையைத் திறந்து பாருங்கள். அரிசி மூட்டை, பழைய சூட்கேஸ், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன பனிச்சப்பாத்து, இவற்றுக்குப் பின்னால் வரிசையாக வைன் போத்தல்கள் நிற்கும். ஒன்றுகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முதலாளி தந்தது, விடுமுறையில் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றியதற்கு மேல்வீட்டுக்காரி தந்தது, பிள்ளை பத்தாம் வகுப்புப் பாஸ் பண்ணியதற்கு யாரோ தந்தது. சுவிஸ்காரருக்கு நன்றி சொல்ல வேறு பொருள் தெரியாது. எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது.

குடிக்கிற வீடுகளில் இவை கரைந்துவிடும். குடிக்காத வீடுகளில் ஊர்வலம் போகும். முதலாளி தந்த போத்தல் பல்வைத்தியருக்கு, மேல்வீட்டுக்காரி தந்தது பிள்ளையின் ஆசிரியைக்கு. இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு. தந்தவர் கைக்கே அது திரும்பிப் போகக் கூடாது. அந்த விதியைக் குகநாதன் எப்படி மீறினார், அதனால் அவர் மனைவி கஜலக்சுமிக்கு என்ன நேரவிருந்தது என்பதுதான் இந்தக் கதை. குகநாதன் வாசிக்கிற ஆள் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கஜலக்சுமி மொரா ஏரிக்கரையில் ஒரு வைன் கிராமத்தில் இருக்கிறார். முதலில் மரக்கறி பொதிபண்ணும் இடத்தில் கரட்டும் லீக்ஸும் கழுவினார். கை விறைத்துப் போகிறது என்று அதை விட்டுவிட்டு, ரொஷா என்பவருடைய திராட்சைத் தோட்டத்தில் சேர்ந்தார். “கொடி பார்த்திருக்கிறீர்களா?” என்று ரொஷா கேட்டபோது ஓம் என்றார். அது பொய்யில்லை. யாழ்ப்பாணத்து நீர்வேலிப் பக்கத்தில் முந்திரிகை என்று நாங்கள் சொல்லும் திராட்சைப் பந்தல் பார்க்காத பிள்ளை கிடையாது. அங்கே தலைக்கு மேலே படரும், இங்கே இடுப்பளவு கம்பியில் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துப் போனார், முதுகு அந்த நினைப்பைச் சீக்கிரமே திருத்தியது. குளிர்காலத்தில் வெட்டு, வசந்தத்தில் கட்டு, கோடையில் இலை கழிப்பு, செப்டெம்பரில் குலை. இப்படிப் பல வருடங்கள் போயின.

பிள்ளைகள் இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். மூத்தவன் அபிசன், இளையவள் லக்சனா. இருவருக்கும் சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. கஜலக்சுமியிடம் இலங்கைப் பாஸ்போர்ட்டும் C என்கிற நிரந்தர வதிவிட அனுமதியும்தான். குகநாதன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அவர் வேலை செய்வது ஃப்ரிபூர்க்கில் ஒரு உணவகக் குசினியில். அவருடைய பிரெஞ்சு அந்தக் குசினிக்குள் மட்டும்தான் ஓடும், வாசலைத் தாண்டினால் படுத்துவிடும்.

கஜலக்சுமி விண்ணப்பித்ததற்குக் காரணம் லண்டன் விமான நிலையம். பிள்ளைகள் இருவரும் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். தாயார் இந்தப் பக்கம் நீண்ட வரிசையில். முறை வந்தபோது அதிகாரிக்கு ஏதோ சந்தேகம். லக்சனாவைத் திரும்ப அழைத்து, “இவர் உன்னோடுதான் வந்தாரா? திரும்பிப் போவாரா?” என்று கேட்டார். மகள் ஓம் என்று சொல்லித் தாயைப் பொறுப்பெடுத்துக் கொண்டு போனாள், யாரோ விட்டுப்போன பொதியை எடுப்பது போல. அன்று பட்ட வெட்கம் கஜலக்சுமிக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் விண்ணப்பத்தை அவருடைய கொம்யூன், அதாவது ஊராட்சி, மறுத்துவிட்டது. ஏரியின் பெயர், மாகாணங்கள், பாராளுமன்றம், குப்பையை எந்த நாளில் வைப்பது எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னார். ஆனாலும் ஊர் வாழ்க்கையில் கலக்கவில்லை என்று காரணம் எழுதினார்கள். எனக்கு இதைக் கேட்டபோது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த ஊரில் வாழ்க்கை என்று இருப்பதே திராட்சைதான். அந்தத் திராட்சையைக் காலையிலிருந்து குனிந்து நின்று கட்டுகிற ஒருத்தி ஊரில் கலக்கவில்லையாம். அவர் கட்டிய கொடியில் வந்த வைனைக் குடித்துக்கொண்டே அதை எழுதியிருப்பார்கள்.

ஆனால் அவர்கள் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் தோட்டக்காரர் ஒரு போத்தலைத் திறப்பார். ஆட்கள் எத்தனை பேர் என்றாலும் கிளாஸ் ஒன்றுதான். அவர் முதலில் தனக்கு ஊற்றிக் குடிப்பார், பிறகு அதே கிளாஸை நிரப்பிப் பக்கத்தில் நிற்பவரின் கண்ணைப் பார்த்துக் கொடுப்பார். அவர் குடித்துவிட்டு நிரப்பி அடுத்தவருக்கு. இப்படியே சுற்றி வரும். போர்த்துக்கல்காரர், போலந்துக்காரர், ஊர்க் கிழவர்கள் எல்லாரும் அந்த வட்டத்தில் நிற்பார்கள். கஜலக்சுமி மட்டும், “எனக்கு பஸ்,” என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டு நடந்துவிடுவார்.

பஸ் உண்மைதான். ஆனால் பஸ் மட்டும் காரணமில்லை. அவர் குடிப்பதில்லை. அதையாவது ஒருநாள் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று என்னிடம் சொன்னார். பத்துப் பேர் வாய் வைத்த கிளாஸைத்தான் அவரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. எச்சில் என்ற ஒரு சொல்லைப் பிரெஞ்சில் எப்படி விளங்கப்படுத்துவது? பஸ் என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

ரொஷாவுக்கு அமெரிக்கப் பைத்தியம். நகரங்களோ சினிமாவோ இல்லை, இந்தியானா மாநிலத்தில் ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கும் வெவே என்றுதான் பெயர், அது இருக்கிற மாவட்டத்துக்கே ஸ்விட்சர்லாந்து என்று பெயர். இருநூறு வருடங்களுக்கு முன்பு இங்கே லெமான் ஏரிக்கரையில் இருக்கிற வெவேயின் பக்கத்திலிருந்து போன ஆட்கள் அங்கே குடியேறி அதை உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவர் தன்னுடைய பாட்டனாருக்குப் பாட்டனாரின் தம்பி என்று ரொஷா சொல்வார். உண்மையோ என்னவோ, குளிர்காலத்தில் கொடி வெட்டும்போது வருடாவருடம் அந்தக் கதையை அவர் விடமாட்டார்.

அந்த ஆட்கள் முதலில் கென்டக்கியில் கொடி நட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து கவனமாகக் கொண்டுபோன நல்ல சாதிக் கொடிகள். எல்லாம் நோய் பிடித்துப் பட்டுப்போயின. ஏறக்குறைய ஒரே ஒரு வகை மட்டும் உருப்படியாகத் தப்பியது. அதைத் தூக்கிக்கொண்டு ஒஹாயோ ஆற்றங்கரைக்குப் போய் மறுபடி தொடங்கினார்கள். அது தென்னாபிரிக்க முனையிலிருந்து வந்த உயர்ந்த சாதி என்று அவர்களின் தலைவர் கடைசிவரைக்கும் அடித்துச் சொன்னார். ஆனால் அது அந்த மண்ணின் காட்டுக்கொடியும் வெளியிலிருந்து வந்த கொடியும் தற்செயலாகக் கலந்து பிறந்தது. அங்கே பிறந்தபடியால்தான் அங்கே பிழைத்தது. அதில் செய்த வைன் புளிப்பும் கரகரப்புமாக இருந்ததாம். இருந்தாலும் அமெரிக்காவில் விற்பனைக்கென்று ஒழுங்காக வைன் செய்த முதல் இடங்களில் ஒன்று என்ற பெயர் அந்த ஊருக்குக் கிடைத்தது. ஒரு தலைமுறை தாக்குப்பிடித்தார்கள். பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை வேண்டியிருக்கவில்லை, சோளமும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். கொடிகள் போய்விட்டன, பெயர் நிலைத்துவிட்டது. இப்போதும் ஓகஸ்ட் மாதத்தில் வைன் திருவிழா வைக்கிறார்கள்.

பின்னால் அமெரிக்காவிலிருந்து ஒரு பூச்சி வந்து ஐரோப்பியக் கொடிகளின் வேரைத் தின்றது, அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் இங்கே மறுபடி பயிர் செய்தார்கள் என்பது ரொஷாவின் கதைக்குக் கடைசி அத்தியாயம். “இந்த ஷஸ்லாக் கொடிகள் எல்லாம் மேலே சுவிஸ், கீழே அமெரிக்கன்,” என்பார். கஜலக்சுமி தலையாட்டிக்கொண்டே அடுத்த கொடிக்குப் போவார்.

ஒரு ஓகஸ்டில் ரொஷா தானே அந்தத் திருவிழாவுக்குப் போனார். அங்கே அவரைத் தங்க வைத்த குடும்பம், வீட்டுக்குப் பின்னால் நான்கைந்து வரிசைக் கொடி வைத்துத் தங்கள் தேவைக்கு வைன் செய்கிற குடும்பம். திரும்பும்போது இரண்டு போத்தல் கொடுத்துவிட்டார்கள். லேபலில் சிவப்புக் களஞ்சியமும் நீல ஆறும் பிள்ளைக் கையால் வரைந்திருந்தது. ஒன்றை ரொஷா வரவேற்பறையில் காட்சிக்கு வைத்தார். மற்றதை அந்த நத்தாருக்குக் கஜலக்சுமியிடம் கொடுத்தார். “என் கதையைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்,” என்று சொல்லித்தான் கொடுத்தார். பெப்ரவரியில் வெட்டுத் தொடங்கியபோது, “எப்படி இருந்தது?” என்று ஆசையோடு கேட்டார்.

“மிகவும் நன்றாக இருந்தது,” என்றார் கஜலக்சுமி.

போத்தல் நிலவறையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றது. நாளடைவில் கஜலக்சுமி அதை மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் முதல் மறுப்பு. சில வருடங்கள் கழித்து இரண்டாம் முறை விண்ணப்பித்தார். இடையில் ஊர்த் திருவிழாவில் சூப் ஊற்றினார், பாடசாலைச் சந்தையில் ரோல்ஸும் வடையும் விற்றார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இதுவும் சரிவராவிட்டால் மூன்றாம் முறை கேட்கத் தனக்கு முகமில்லை என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அன்று பின்னேரம் அவர் உடுத்து வெளிக்கிடும்போது குகநாதன் கையில் ஒரு பொதியோடு வந்தார். பொன்னிறக் கடதாசியில் சுற்றி, நாடாவும் கட்டியிருந்தது.

“இஞ்சேரும், வெறுங்கையோட போகாதையும். இதைக் கொண்டுபோம்.”

“என்னப்பா இது? கந்தோருக்குக் கொண்டுபோனா லஞ்சம் எண்டு நினைக்க மாட்டினமோ?”

“வைன் போத்தில் லஞ்சமோ? இவையளுக்குப் பிள்ளை பிறந்தாலும் வைன், ஆள் செத்தாலும் வைன். கீழ இருந்ததுக்குள்ள வடிவான போத்திலாப் பாத்து எடுத்தனான்.”

மனுசன் மனைவிக்காக எடுத்த ஒரே முயற்சி அதுதான். வாங்காமல் போனால் முகம் வாடிவிடும். கஜலக்சுமி பிரித்துப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

கொம்யூன் மண்டபத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவி ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரி. பக்கத்தில் ஒரு இளம் ஆசிரியர். மூன்றாவது ஆள் ரொஷா, போன தடவைக்குப் பிறகு அவரும் குழுவில் சேர்ந்திருந்தார். முதலாளி என்றபடியால் அவர் வாக்களிக்க மாட்டார், சும்மா இருப்பார் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கஜலக்சுமி பொதியை மேசையில் வைத்தார். தலைவி அதைப் பார்த்தார், கஜலக்சுமியைப் பார்த்தார், பிறகு அதை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

கேள்விகள் நன்றாகத்தான் போயின. போன தடவைக்குப் பிறகு என்ன மாறியது என்று கேட்டார்கள், சூப்பையும் வடையையும் சொன்னார். ஆசிரியர் சிரித்தார், அவரும் அந்த வடை தின்றவர். எல்லாம் முடிந்தபோது தலைவி பொதியை இழுத்து, “மன்னிக்க வேண்டும், நாங்கள் பரிசு ஏற்க முடியாது, என்ன என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்,” என்று நாடாவை அவிழ்த்தார்.

சிவப்புக் களஞ்சியம், நீல ஆறு.

ரொஷா எழுந்து வந்து போத்தலைக் கையில் எடுத்தார். கஜலக்சுமி அப்போதுதான் அதை அடையாளம் கண்டார்.

“இது நான் தந்தது. மிகவும் நன்றாக இருந்தது என்று சொன்னீர்களே.”

ஆசிரியர் நிமிர்ந்தார். “அப்படியென்றால் அவரிடம் உண்மை சொல்லவில்லையா?” என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்த மேசையில் சாதாரணக் கேள்வி என்று ஒன்று இல்லை. ஆளின் நேர்மையை எடைபோடத்தான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“இல்லை,” என்றார் கஜலக்சுமி. “பொய் சொன்னேன். நாங்கள் வீட்டில் குடிப்பதில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்து தந்தார், திறக்கவில்லை என்று சொன்னால் அவருக்குக் கவலையாக இருக்கும். தந்த பொருளைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும் என்று பழகிவிட்டோம்.” பிறகு, “இன்றைக்கு இதைக் கட்டித் தந்தது என் கணவர். உள்ளே எது என்று எனக்குத் தெரியாது,” என்றார்.

முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று கஜலக்சுமி கைப்பையை எடுத்துவிட்டார். அப்போது ரொஷா பொக்கெற்றிலிருந்து திறப்பானை எடுத்தார். அந்த ஊர் ஆண்கள் வீட்டுத் திறப்பில்லாமல் வெளிக்கிட்டாலும் போத்தல் திறப்பான் இல்லாமல் வெளிக்கிட மாட்டார்கள்.

“இங்கேயே திறந்து குடித்துவிட்டால் இது யாருக்கும் பரிசில்லை,” என்றார்.

தலைவி யோசித்துவிட்டு, சரி என்று அலுமாரியிலிருந்து கிளாஸ் எடுத்து வந்தார். ஒரே ஒரு கிளாஸ்.

தக்கை பாதியில் நொறுங்கியது. ரொஷா தனக்கு ஊற்றிக் குடித்தார். அவருடைய கன்னம் ஒருமுறை துடித்தது. “நன்றாகத் தாங்கியிருக்கிறது,” என்றார். நிரப்பித் தலைவிக்குக் கொடுத்தார். தலைவி குடித்து, கண்ணை மூடித் திறந்து, “வித்தியாசமான சுவை,” என்றார். ஆசிரியர் குடித்துவிட்டு, “சுவாரசியமாக இருக்கிறது,” என்று சொல்லிவிட்டு மேசையில் தண்ணீர் இருக்கிறதா என்று தேடினார். பிறகு நிரப்பினார். கஜலக்சுமியின் கண்ணைப் பார்த்து நீட்டினார்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் என்று சொல்ல முடியாது. கஜலக்சுமி எழுந்து நின்றார். கிளாஸை வாங்கினார். தலையை அண்ணாந்து, கையை உயர்த்தி, வாயில் படாமல் மேலேயிருந்து ஊற்றினார். ஒரு சொட்டும் சட்டையில் சிந்தவில்லை. முழுவதும் உள்ளே போனபிறகு இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆசிரியருக்கு முகம் கறுத்துவிட்டது. “எங்களை அருவருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

அருவருப்பு அடியோடு இல்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அவர் சொன்ன பதிலும் உண்மைதான். “இல்லை. இது திரும்பவும் உங்களிடம் வரும். என் எச்சில் உங்களுக்கு வரக் கூடாது. எங்கள் ஆட்கள் ஒரே பாத்திரத்தில் குடித்தால் இப்படித்தான் குடிப்போம்.”

தலைவி கிளாஸின் விளிம்பை ஒருதரம் பார்த்தார். மருந்துக்கடையில் முப்பது வருடம் இருந்த பெண்மணி, அதில் எத்தனை வாய் படுகிறது என்று அவருக்கு அன்றுதான் தோன்றியிருக்க வேண்டும்.

“எப்படி இருக்கிறது?” என்றார் ரொஷா.

கஜலக்சுமி வாயைத் துடைத்தார். அவர் வாழ்க்கையில் குடித்த முதல் வைன் அது, ஒப்பிட வேறொன்றும் இல்லை. “மொசியூ ரொஷா,” என்றார், “வைன் இப்படித்தான் இருக்குமா? எனக்கு இது புளித்த வினாகிரி போல இருக்கிறது. நன்றாக இல்லை.”

ரொஷா கதிரையில் உட்கார்ந்தார். முதலில் தலைவிதான் சிரித்தார், அடக்கிப் பார்த்து முடியாமல். ஆசிரியர் காது சிவக்க மேசையைப் பார்த்தார். சற்று முன்பு அந்தப் பெண்ணிடம் உண்மை கேட்டவர் அவர்தான்.

“அங்கேயும் நன்றாக இருக்கவில்லை,” என்றார் ரொஷா, மெதுவாக. “அந்த வீட்டுக்காரர் ஊற்றித் தந்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெவே பக்கத்து ஆள் வந்து குடிக்கிறார் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. நான் என்ன சொல்வது? மிகவும் நன்றாக இருக்கிறது என்றேன். அதனால்தான் இரண்டு போத்தல் தந்தார்.”

கஜலக்சுமியை வெளியே தாழ்வாரத்தில் இருக்கச் சொன்னார்கள். சுவரில் ஊர்ச் சின்னமும் பழைய தலைவர்களின் படங்களும் தொங்கின. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. லண்டன் வரிசைதான் நினைவில் வந்தது, அந்தப் பக்கம் நின்ற லக்சனாவும். நேரம் அதிகம் போகவில்லை. கதவு திறந்தது, தலைவி கையைக் கொடுத்தார். எங்கள் பக்கம் ஆம், மிச்சம் வழக்கமான நடைமுறைதான் என்றார்.

பஸ் தரிப்பு வரை ரொஷா கூட வந்தார். “போன தடவை என்னிடம் கேட்டார்கள்,” என்றார். “நல்ல வேலையாள், வேலை முடிந்ததும் நிற்பதில்லை என்று சொன்னேன். உள்ளதைத்தானே சொல்கிறேன் என்று நினைத்தேன். அதை வைத்து மறுப்பார்கள் என்று நினைக்கவில்லை.”

கஜலக்சுமிக்குச் சுருக்கென்றது. இத்தனை காலமும் யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாது. என்னவோ கேட்க வாயெடுத்தார், பஸ் வந்துவிட்டது. நாளைக்குக் கட்டு வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார்.

குகநாதன் பல்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், கதவைத் தானே வந்து திறந்தார்.

“என்னவாம்?”

“ஓமெண்டிட்டினம்.”

அவர் சப்பாத்து அலுமாரியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, “போத்திலை வாங்கினவையோ?” என்று கேட்டார்.

“அங்கையே திறந்து எல்லாருமாக் குடிச்சவை.”

“பாத்தீரோ. நான் சொன்னனான், நீர்தான் லஞ்சம் கிஞ்சம் எண்டீர்.” முகம் முழுக்கச் சந்தோசம். அடுத்ததைக் கேட்கத்தான் கொஞ்சம் தயங்கினார். “நீரும் குடிச்சனீரோ?”

“ஓம். அண்ணாந்துதான் குடிச்சனான்.”

குகநாதன் தரையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற மனுசன். ஏதாவது சொல்லப் போகிறார் என்று கஜலக்சுமி சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இருக்கவில்லை. அத்தனை போத்தலுக்குள்ளும் தான் தேடி எடுத்து, தன் கையால் நாடா கட்டிய போத்தலைப் பற்றிக் கேட்கிற ஆசைதான் இருந்தது.

“எப்பிடி இருந்துது?”

கஜலக்சுமியின் தொண்டையில் அந்தப் புளிப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“நல்லா இருந்துதப்பா,” என்றார்.